லேசர் படகும் முட்டத்துப் பேச்சும்

2024 ஆகஸ்டில் மார்செய் கடலில் விஷ்ணு சரவணனும் நேத்ரா குமணனும் பாய்மரப் படகு விட்டுக்கொண்டிருந்தார்கள். பாரிஸ் ஒலிம்பிக் பந்தயம். விஷ்ணு வேலூரில் பிறந்தவர், நேத்ரா சென்னைக்காரர். அந்த நாட்களில் குமரி மாவட்டத்து முட்டம், குளச்சல் பக்கம் கைபேசியில் அதைப் பார்த்தவர்களின் பேச்சைச் சுருக்கினால் இப்படி வரும்: "இதுல என்ன இருக்கு மக்கா? நம்ம பய ஒருத்தன ஏத்தி விட்டா தங்கத்தோட வருவாம்லா."

கடலில் பிறந்து கடலில் நரைத்தவர்கள் சொல்லும்போது சட்டென்று மறுத்துப் பேச முடியாது. ஆனால் அந்தப் படகைப் பற்றி நம் கரையில் உலவும் நம்பிக்கைகளில் சரி எது, தவறு எது என்று பிரித்துப் பார்க்கலாம். சில முழுத் தவறு. சில பாதி உண்மை. அவைதான் அதிகம் ஏமாற்றும்.

முதலில் படகு. அதன் பெயர் லேசர். ஒருவர் மட்டுமே ஓட்டுவது. நீளம் 4.2 மீட்டர், அகலம் சுமார் 1.4 மீட்டர், வெறும் படகின் எடை 59 கிலோ. இரண்டு துண்டாக வரும் பாய்மரத்தைச் சேர்த்து, பாயைத் தலையணை உறை மாட்டுவதுபோல் அதன்மேல் இழுத்துவிட்டு, நிமிர்த்திப் படகில் நட்டால் வேலை பாதி முடிந்தது. மரத்தைத் தாங்கிப் பிடிக்கும் பக்கக் கம்பிகள் இல்லை. நடுவில் ஒரு பலகை, பின்னால் ஒரு சுக்கான், பாயைப் பிடிக்க ஒரு கயிறு. நம்மூர் வள்ளத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு விளையாட்டுச் சாமான் மாதிரிதான் தெரியும்.

இது சீமான்களுக்காகச் செய்த படகு என்பது பரவலான எண்ணம். நடந்தது நேர்மாறு. 1969இல் கனடாவில் இயன் புரூஸ் என்ற படகு கட்டுபவர், வடிவமைப்பாளர் புரூஸ் கெர்பியைத் தொலைபேசியில் அழைத்தார். காரின் கூரையில் கட்டிக்கொண்டு போகிற மாதிரி, முகாமுக்குப் போகிறவர்கள் வாங்கக்கூடிய விலையில் ஒரு சின்னப் படகு வேண்டும் என்றார். பேசிக்கொண்டே கெர்பி ஒரு தாளில் கிறுக்கினார். அந்தக் கிறுக்கல்தான் லேசர். பாயை வடிவமைத்தவர் ஹான்ஸ் ஃபோக். 1970 அக்டோபரில் அமெரிக்காவின் விஸ்கான்சினில், ஆயிரம் டாலருக்குள் வாங்கக்கூடிய படகுகளுக்கென்றே ஒரு பத்திரிகை நடத்திய போட்டியில் இந்த மாதிரிப் படகு இறங்கியது. இடையில் ஃபோக் பாயைத் திருத்தி வெட்டினார். 1971 ஜனவரி நியூயார்க் படகுக் கண்காட்சியில் விற்பனைக்கு வந்தபோது அங்கேயே 144 படகுகளுக்கு ஆர்டர் விழுந்தது. இன்றுவரை உலகம் முழுவதும் 2 லட்சத்துக்கும் மேல் கட்டப்பட்டிருக்கின்றன.

அதற்காக, இங்கே அது ஏழையின் படகு என்று சொல்லிவிட முடியாது. புதுப் படகைக் கடல் கடந்து வரவழைத்தால் பல லட்ச ரூபாய் ஆகும். வெளிநாட்டுப் பயிற்சி, போட்டிச் செலவு எல்லாம் அதற்கு மேல். எளியவருக்காகப் பிறந்த படகு நம் கரைக்கு வரும்போது விலை ஏறிப்போகிறது என்பதுதான் நிலவரம். ஆகவே முட்டத்தில் ஒருவர் "அது பணக்காரன் ஆட்டம்" என்றால் படகின் வரலாற்றில்தான் அவர் தவறுகிறார். தன் ஊர் நிலைமையை அவர் சரியாகவே சொல்கிறார்.

"காத்து அடிக்கிற பக்கம்தான் பாய் போவும்" என்று நம்புகிறவர்கள் பெரும்பாலும் முட்டம் கலங்கரை விளக்கத்துப் பாறையில் நின்று படம் எடுக்க வரும் வெளியூர்க்காரர்கள். பாய்க்கட்டுமரத்தில் போன தாத்தாக்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். வளைந்து நிற்கும் பாயின் இரு பக்கமும் காற்று ஓடும்போது வெளிப்பக்கத்தில் அழுத்தம் குறைகிறது. பாய் அந்தப் பக்கம் இழுபடுகிறது. அந்த இழுப்பில் பெரும்பங்கு படகைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும். தண்ணீருக்குள் இறக்கிய பலகை அதைத் தடுக்கும். மிஞ்சுகிற இழுப்பு படகை முன்னே கொண்டுபோகும். இப்படி எதிர்க்காற்றுக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்ந்து போய், பாயை மாற்றி மறுபக்கம் சாய்ந்து, வளைந்து வளைந்து காற்றுக்குள்ளேயே ஏறிவிடலாம். லேசருக்கு நடுவில் இருக்கும் பலகை செய்யும் வேலையைத்தான் கட்டுமரத்தில் மரங்களுக்கு இடையே செருகி இறக்கிய பலகை செய்தது. நேர் எதிர்க்காற்றில் மட்டும் எந்தப் பாய்ப்படகும் போகாது. பந்தயத்தின் முதல் கட்டத்தைப் பெரும்பாலும் எதிர்க்காற்றில் வைப்பதற்கும் இதுதான் காரணம். எந்தப் பக்கம் முதலில் சாய்வது, எப்போது மாற்றுவது என்ற கணக்கில்தான் ஆட்டமே இருக்கிறது.

கட்டுமரத்தைப் பற்றி இன்னொரு பெருமைப் பேச்சு உண்டு. இரட்டை உடல் கொண்ட பந்தயப் படகுகள் நம் கட்டுமரத்திலிருந்து வந்தவை என்பார்கள். பெயர் போனது நம்மிடமிருந்துதான். வடிவம் அப்படியில்லை. கட்டுமரம் அணைத்துக் கட்டிய மரங்கள். இரண்டு உடலை இடைவெளி விட்டு இணைத்தவர்கள் பசிபிக் தீவுக்காரர்கள். அமெரிக்காவில் நத்தானியல் ஹெரெஷாஃப் 1876இல் இரட்டை உடல் படகு கட்டி மற்றவர்களை ஓட ஓட விரட்டியபோது அவர் முன்னால் கட்டுமரம் எதுவும் இல்லை.

இப்போது முக்கியமானதற்கு வருவோம். "நல்ல படகு வச்சிருக்கவன் ஜெயிப்பான்."

லேசர் உலகில் இந்தப் பேச்சுக்கே இடம் கிடையாது. ஒரே வார்ப்புப் படகு வகை அது. உடல், பாய், மரம், பலகை, சுக்கான் எல்லாம் உரிமம் பெற்ற கட்டுமானக்காரர்களிடமிருந்தே வர வேண்டும். துளைபோட்டு எடை குறைப்பது, பாயைத் தன் இஷ்டத்துக்குத் தைப்பது எல்லாம் விதிமீறல். ஒலிம்பிக்கில் இதை இன்னும் இறுக்கிவிடுகிறார்கள். போட்டியாளர் தன் சொந்தப் படகைக் கொண்டுவருவதில்லை. அமைப்பாளர்கள் புதுப் படகுகளை வரிசையாக நிறுத்தி வைக்கிறார்கள். சீட்டில் விழுந்த படகை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். உலக சாம்பியனும் கடைசி இடத்துக்காரரும் ஒரே தொகுதியில் கட்டிய படகில் ஏறுகிறார்கள். தோற்றால் படகைக் குறை சொல்ல வழியில்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு நம்பிக்கை, வேகமாகப் போகிறவனுக்குத்தான் தங்கம் என்பது. பாய்மரப் பந்தயத்தில் முதலில் வந்தால் 1 புள்ளி, இரண்டாவது வந்தால் 2, நாற்பதாவது வந்தால் 40. பல பந்தயங்கள் நடக்கும். மோசமான ஒன்றைக் கழித்துவிடலாம். மிச்சத்தைக் கூட்டினால் குறைந்த புள்ளி யாருக்கோ அவர் முன்னிலை. ஒலிம்பிக்கில் முதல் பத்துப் பேருக்குக் கடைசியாக ஒரு பதக்கப் பந்தயம். அதில் புள்ளி இரட்டிப்பு, கழிக்கவும் முடியாது. 2024இல் விஷ்ணு முதல் பந்தயத்தில் 10ஆவதாக வந்தார். கரையில் எல்லோரும் துள்ளினார்கள். அடுத்த பந்தயத்தில் 34. ஒரே நாள், ஒரே ஆள், ஒரே படகு. காற்று மட்டும் மாறியது. கடைசியில் அவர் 18ஆவது இடம், நேத்ரா 21ஆவது. ஒரு நாள் மின்னுவதைவிடத் தினமும் பத்துக்குள் நிற்பதற்குத்தான் இங்கே மதிப்பு.

வேகத்தைவிட எதிரியின் கணக்கு பெரிது என்பதற்கு பிரேசில்காரர் ராபர்ட் ஷைட்டும் பிரிட்டனின் பென் ஐன்ஸ்லியும் போதும். லேசர் முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு வந்தது 1996 அட்லாண்டாவில். கடைசிப் பந்தயத்தில் இருவரும் கோட்டை முந்திக் கிளம்பித் தகுதி இழந்தார்கள். ஷைட்டுக்குக் கவலையில்லை, மொத்தப் புள்ளியில் அவர் முன்னால் இருந்தார். தங்கம் அவருக்கு, வெள்ளி ஐன்ஸ்லிக்கு. நான்கு வருடம் கழித்து சிட்னி. கடைசிப் பந்தயத்துக்கு முன்பும் ஷைட் முன்னிலை. ஐன்ஸ்லி அன்று வெற்றிக்காக ஓட்டவே இல்லை. ஷைட்டின் காற்றை மறித்து, அவர் திரும்பும் பக்கமெல்லாம் திரும்பி, கூட்டத்தின் கடைசி வரிசை வரை பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இருவரும் பின்னால் கிடக்க, தங்கம் ஐன்ஸ்லிக்கு. முட்டத்தில் இதைச் சொன்னால் "இது சதியில்லா" என்பார்கள். விதிக்குள் செய்த சதி. 2004 ஏதென்ஸில் ஷைட் திரும்ப வந்து தங்கம் வாங்கினார். ஐன்ஸ்லி அதற்குள் வேறு வகைப் படகுக்குப் போய்விட்டிருந்தார்.

கவிழ்ந்தால் ஆள் போச்சு என்ற பயம் கரையில் நிற்பவர்களுக்கு உண்டு. லேசர் கவிழும், கவிழாமல் யாரும் கற்றதில்லை. ஆனால் முழுகாது. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையில் ஏறி நின்று, படகின் விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் பாய் தண்ணீரை விட்டு மெல்ல எழும்பும். அந்த நொடியில் உள்ளே தாவ வேண்டும். பயிற்சியில் முதல் வாரப் பாடமே இதுதான்.

பிறகு, உடல். உட்கார்ந்துகொண்டு கயிறு பிடிக்கிற வேலைதானே என்று தோன்றும். படகின் நடுவில் ஓடும் வாரில் கால்களை மாட்டிக்கொண்டு, இடுப்பு முழுதும் விளிம்புக்கு வெளியே, முதுகு அலையைத் தொட்டுத் தொட்டு வர, தொடையால் மட்டுமே உடம்பைத் தாங்கி நிற்க வேண்டும். பலத்த காற்றில் பந்தயம் முழுக்க அப்படியே. சுவரில் முதுகை ஒட்டி நாற்காலி இல்லாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் கொஞ்சம் புரியும். அளவான எடையும் வேண்டும். 7.06 சதுர மீட்டர் பாய்க்கு 80 கிலோவை ஒட்டிய ஆள். எடை குறைந்தவர்களுக்கு அதே உடலில் 5.76 சதுர மீட்டர் பாய். சிறுவர் சிறுமியருக்கு 4.7.

இந்தச் சின்னப் பாய்களால்தான் பெண்களும் இந்தப் படகில் முன்னுக்கு வந்தார்கள். பெண் ஏறினால் மீன் படாது, படகுக்கு ஆகாது என்ற பேச்சு நம் கரையில் இன்னும் முழுதாக ஓயவில்லை. மீனை ஏலம் எடுத்து, தலைச்சுமையாகச் சுமந்து விற்று, குடும்பத்தின் கணக்கையே கையில் வைத்திருக்கும் பெண்ணைப் படகில் மட்டும் ஏற்றாத நியாயம் எனக்கு எப்போதும் விளங்கியதில்லை. நேத்ரா சென்னையில் சிறுமியாக ஒரு கோடை முகாமில் பாய்மரப் படகில் ஏறினார். 2020 ஜனவரியில் மயாமி உலகக் கோப்பையில் வெண்கலம். 2021 ஏப்ரலில் ஓமானின் முஸன்னாவில் நடந்த தகுதிப் போட்டி வழியாக, ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். டோக்கியோவில் 35ஆவது, பாரிஸில் 21ஆவது.

"கடல் இல்லாதவனுக்கு இது வராது" என்பது அடுத்தது. இந்தியாவின் பதக்கப் பட்டியல் இதைத் தலைகீழாகப் புரட்டிப் போடுகிறது. 2018 ஆசிய விளையாட்டில் சிறிய பாய் லேசரில் வெண்கலம் வாங்கிய ஹர்ஷிதா தோமரும், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அதே வகையில் வெள்ளி வாங்கிய நேஹா தாக்கூரும் மத்தியப் பிரதேசத்துக்காரர்கள். கடல் பல நூறு கிலோமீட்டர் தள்ளி. அவர்கள் பழகியது போபால் ஏரியில். ஹைதராபாத்தில் நகரத்து நடுவே உள்ள உசேன் சாகரில் ஆண்டுதோறும் லேசர் போட்டிகள் நடக்கின்றன. ஹாங்சோவில் பெரிய பாயில் வெண்கலம் வாங்கிய விஷ்ணு, மும்பையில் ராணுவத்தின் பாய்மரப் பயிற்சி மையத்தில் உருவானவர். சென்னையில் 1911இல் துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் துறைமுகச் சுவருக்குள் இருக்கிறது. திறந்த கடல் அலை அங்கே உள்ளே வராது. கற்க வேண்டியது அடங்கிய தண்ணீரில். அலை பிறகு பழகும்.

முட்டத்தின் சிக்கல் இங்கேதான். ஆனி, ஆடியில் கரையில் உடைகிற அலையும், கலங்கரை விளக்கத்துக்கு அடியில் உள்ள பாறைகளும் 59 கிலோ ஃபைபர் படகைச் சில்லு சில்லாக்கிவிடும். நடுப்பலகை இறக்க ஆழம் வேண்டும். அலை உடையும் இடத்தில் பலகையை இறக்கினால் தரையில் முட்டும், இறக்காவிட்டால் படகு பக்கவாட்டில் கரைக்கே திரும்பும். பழக்குவதாக இருந்தால் மணக்குடிக் காயலோ வேறு பொழிமுகமோதான் சரி.

இனி அந்த முதல் பேச்சு. நம்ம பயலை ஏற்றிவிட்டால் தங்கம்.

தமிழ்க் கரையில் பாய்ப் பந்தயம் புதிதில்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி, நம்புதாளை, மோர்ப்பண்ணை பக்கம் திருவிழாக்களை ஒட்டி மீனவர்கள் பாய்மரப் படகுப் போட்டி நடத்துகிறார்கள். காற்றுப் பக்கம் நீட்டிய பலகையில் ஆட்கள் தாவி ஏறி, உடம்பாலேயே படகைச் சமன் செய்வதைப் பார்த்தால் லேசர்காரர்கள் தொடையால் செய்வது நமக்கு ஏற்கெனவே தெரிந்த வித்தை என்று புரியும். அங்கே படகுக்குப் படகு பாயும் உடலும் வேறு, ஒரே வார்ப்பு கிடையாது. காற்றைப் படிக்கும் கண்ணும் நம் ஆட்களிடம் உண்டு. கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று ஒவ்வொரு காற்றுக்கும் பெயரும் குணமும் தெரிந்தவர்கள். தண்ணீரின் நிறம் கறுத்து நெளிவதைப் பார்த்து அடுத்த காற்று எங்கே வருகிறது என்று சொல்வார்கள். லேசர் பயிற்சியாளர் மாதக்கணக்கில் கற்பிப்பது அதைத்தான்.

ஆனால் இரண்டு விஷயம் இடிக்கிறது. ஒன்று, அந்தக் கண் யாரிடம் இருக்கிறது? 1980களில் வெளியே மாட்டும் எஞ்சின் வந்தபிறகு பாய் நம் கரையிலிருந்து மெல்ல ஒதுங்கியது. இன்று இருபது வயதுப் பையனுக்கு எஞ்சினைப் பிரித்துப் போட்டுப் பூட்டத் தெரியும், கருவியில் இடம் குறித்து வலை விடத் தெரியும். பாய் கட்டி எதிர்க்காற்றில் ஏறியவர்கள் அவனுடைய தாத்தா தலைமுறை.

இரண்டாவது, தொழில் பழக்கமே பந்தயத்தில் எதிராக நிற்கும். காற்று கூடினால் பாயைச் சுருட்டிக் கரையைப் பார்ப்பது கடலோடியின் புத்தி. பந்தயக்காரன் அப்போதுதான் இன்னும் வெளியே சாய்கிறான். காற்று செத்தால் துடுப்புப் போடுவோம், படகை ஆட்டி நகர்த்துவோம், பாயை வெட்டி வெட்டி இழுப்போம். இந்த மூன்றும் பந்தயத்தில் குற்றம். நடுவர்கள் ரப்பர் படகில் பின்னாலேயே வருவார்கள். விசில் ஊதி மஞ்சள் கொடி காட்டினால் இரண்டு முழு வட்டம் அடித்துவிட்டுத்தான் ஓட்டத்தைத் தொடர வேண்டும். இரண்டாவது முறை மஞ்சள் கொடி வந்தால் அந்தப் பந்தயத்திலிருந்து விலக வேண்டியதுதான்.

கிளம்புவது அதைவிடக் கஷ்டம். நடுவர் படகுக்கும் ஒரு மிதவைக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத கோடு. ஐந்து நிமிடம் முன்பு ஒரு கொடி ஏறும், நான்கில் ஒன்று, ஒரு நிமிடம் இருக்கையில் ஒன்று இறங்கும். பாய்ப்படகை நிறுத்தி வைக்க முடியாது. நாற்பது படகு ஒன்றையொன்று உரசிக்கொண்டு, பாயை விட்டுப் பிடித்து, அந்தக் கோட்டுக்குப் பின்னால் நெளிந்துகொண்டிருக்கும். ஒரு நொடி முந்தினால் திரும்பி வந்து கிளம்ப வேண்டும், சில சமயம் தகுதியே போய்விடும். இரண்டு நொடி பிந்தினால் முன்னால் இருப்பவன் பாய் கிழித்துவிட்ட குழம்பிய காற்றுதான் மிஞ்சும். வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகுக்கு மற்றது வழிவிட வேண்டும். இடித்ததாகப் புகார் எழுந்தால் மாலையில் சாட்சியோடு விசாரணை. சட்டப் புத்தகம் படிக்காதவன் தண்ணீரில் ஜெயித்துக் கரையில் தோற்பான். இதெல்லாம் பத்து வயதில் தொடங்கினால் உடம்பில் ஊறும். இருபதில் ஏற்றிவிட்டால் வராது.

பெயர்க் குழப்பம் ஒன்றும் உண்டு. லேசரை நிறுத்திவிட்டார்கள், இப்போது ஐஎல்சிஏ என்று வேறு படகு வந்துவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். 2019இல் வர்த்தகப் பெயர் தொடர்பான சண்டையில் லேசர் படகுச் சங்கம் படகின் பெயரை மாற்றியது. பெரிய பாய் ஐஎல்சிஏ 7, அடுத்தது 6, சின்னது 4. படகு அதே படகு.

கடைசியாக, "இதெல்லாம் வெளிநாட்டுல செய்யிற சாமான், நமக்கு எட்டாது." லேசரைப் பொறுத்தவரை சரிதான், உரிமம் இல்லாமல் அதைக் கட்ட முடியாது. ஆனால் சிறுவர்கள் தொடங்குவது லேசரில் இல்லை. 15 வயது வரை ஓட்டும் ஆப்டிமிஸ்ட் என்ற 2.3 மீட்டர்ப் பெட்டிப் படகில். 1947இல் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் அதை வரைந்தபோது பிளைவுட் பலகையில் அறுத்து ஒட்டும்படிதான் வரைந்தார். மரத்தில் கட்ட இன்றைய விதியிலும் இடமுண்டு. பிளைவுட் படகு முட்டத்துக்குப் புதிதா? 1980களில் பியர் கில்லே என்ற பொறியாளரும் மீனவர் கூட்டமைப்பும் இந்தக் கரையில் பிளைவுட் வள்ளம் கொண்டுவந்தபோது, பலகைகளைக் கம்பியால் தைத்து, இடுக்குகளைக் கண்ணாடி இழையும் பசையும் இட்டு அடைக்கும் முறையை நம் ஆட்கள் கற்றுக்கொண்டார்கள். அதே தையல் முறையில்தான் 1963இல் இங்கிலாந்தில் மிரர் என்ற பந்தயப் படகு வந்தது. வீட்டுக் கொல்லையில் கட்டியே பல்லாயிரம் படகுகள் கடலுக்குப் போயின. ஆப்டிமிஸ்டுக்கு வேண்டியது நல்ல மரைன் பிளைவுட், சரியான வரைபடம், பிறகு கட்டி முடித்த படகை ஒவ்வொரு மில்லிமீட்டராக அளந்து போட்டிக்குச் சான்று கொடுக்க அங்கீகாரம் பெற்ற அளவையாளர் ஒருவர். முதல் இரண்டும் நாகர்கோவிலிலேயே திரட்டிவிடலாம். அளவையாளரை வெளியிலிருந்துதான் கூப்பிட வேண்டும்.